எந்தக் கூத்துக்கு எந்த அளவுகோல்?

கடந்த ஆண்டில் பார்த்த கூத்துகளில் மனதில் நின்றது எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் ஆட்டத்தைச் சொல்வார், இன்னொருவர் குரலைச் சொல்வார், மூன்றாமவர் உடுப்பை வியப்பார். மூன்றும் சரியாக இருக்கலாம். ஆனால் ஈழத்துக் கூத்தில் மோடிக்கொரு, அதாவது பாணிக்கொரு, இலக்கணம் உண்டு; அதை அறியாமல் தீர்ப்புச் சொல்லலாகாது.

புத்தளம் மாவட்டத்து வண்ணாத்திவில்லில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு தொலைவில் இல்லை. வடக்கே எலுவன்குளம், கலா ஓயா தாண்டி வில்பத்துக் காட்டு வழியே போனால் மன்னார். தெற்கே புத்தளம் கடந்தால் உடப்பு, சிலாபம். இரு பக்கமும் கூத்து மரபுதான், அளவுகோல் வேறு.

மன்னாரின் கத்தோலிக்கக் கூத்தில் இரண்டு பாங்குகள். வடபாங்கை யாழ்ப்பாணப் பாங்கு என்பர். தென்பாங்கை மாதோட்டப் பாங்கு என்பர். நீண்டது நாடகம், சுருங்கியது வாசாப்பு. இங்கே பாட்டுக்கே முதலிடம். விருத்தத்தை ஏற்றி இறக்கும்போது சொல் சிதையாமல் கடைசி வரிசைக்கும் கேட்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஆட்டம் போதவில்லை என்று மன்னாரைக் குறை சொல்பவர் இடம் மாறிக் கேட்கிறார்.

ஆட்டத்துக்கு மட்டக்களப்புக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு மோடிகள். வடமோடியில் பெரும்பாலும் பாரத, இராமாயணக் கதைகளும் போரும். தென்மோடியில் காதல் கதைகள் மிகுதி. வடமோடி அரசனுக்குக் கரப்புடுப்பும் கிரீடமும் பாரம். அதனால் ஆட்டத்தில் வீறு இருக்கும். தென்மோடி உடுப்பு இலேசு. அதனால் காலில் நுணுக்கம் கூடும். வட்டக்களரியில் ஒரு பாத்திரத்தின் வரவைக் கவனியுங்கள். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் தாளக்கட்டை வாயால் சொல்ல, ஆடுபவர் களரியைச் சுற்றுகிறார், வேகம் ஏறுகிறது, தீர்மானத்தில் காலும் மத்தளமும் சல்லரியும் ஒன்றாய் விழ வேண்டும். அரை மாத்திரை பிந்தினாலும் ஊர்க் கிழவர் முகம் சுளிப்பார். அவரே சரியான விமர்சகர்.

உடப்பில் நிலைமை வேறு. திரௌபதை அம்மன் விழாவில் பாரதக் கதை சடங்காகவே நடக்கிறது, முடிவில் தீமிதி. அங்கே நேர்த்திக்கடன்தான் அளவு, கைதட்டல் அல்ல. இன்னும் தெற்கே சிங்களக் கத்தோலிக்கர் நடத்தும் பாஸ்கு என்ற இயேசுவின் பாடுகளின் நாடகம். புத்தளம் மாவட்டத்துப் போரலஸ்ஸவில் 1923 இல் லோரன்ஸ் பெரேராவின் பாஸ்கு மேடையேறியது. சிங்களவரின் 'நாடகம' என்ற கூத்து வடிவமும் தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்ததே. அதை எடுத்துத்தான் நாடகாசிரியர் சரச்சந்திர 1956 இல் 'மனமே'யைப் படைத்தார்.

தமிழில் அதே வேலையைச் செய்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவை 1960களில் விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தன. இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தது அதனால்தான். மன்னாரின் 'என்றீக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்' போன்ற ஏட்டுப் பிரதிகளை வித்தியானந்தன் அச்சில் ஏற்றியதும் அதற்கு இணையான பணி. ஆனால் சுருக்கிய கூத்தை மட்டும் பார்த்து மரபை எடைபோடலாகாது. மேடையில் காண்பது ஆட்டத்தின் சாறு. ஆடுபவருக்கு அவரவர் பாட்டு ஏட்டை வழங்கும் சட்டம் கொடுத்தல், சலங்கை கட்டல், மாதக்கணக்கான பழக்கம் எல்லாம் ஊருக்குள் நடப்பவை.

ஆகவே என் தீர்ப்பு இது: நல்ல கூத்து எதுவென்றால், தன் மோடிக்குப் பிசகாதது, அண்ணாவியாருக்குக் கட்டுப்பட்டது, ஊரை விடியும்வரை இருக்க வைப்பது. ஒலிபெருக்கியின் இரைச்சலும் ஜரிகையின் மினுக்கும் இவற்றில் எதையும் ஈடுசெய்யா.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கூத்துக்குப் போகும்போது எந்த மோடி என்று முதலில் கேளுங்கள். பாதியில் எழும்பாதீர்கள். விடிந்தபின் அண்ணாவியாரிடம் போய் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரென்று கேட்டு எழுதி வையுங்கள்; நம் மரபில் பல பிரதிகளுக்கு வேறு பதிவு கிடையாது.