பசுங்கூரை: நிறமும் உயிரும்

‘பசுமை’ என்னும் சொல் நிறத்தை மட்டும் உணர்த்துவதன்று. இளமை, செழுமை, குளிர்ச்சி ஆகியவற்றையும் உணர்த்தும். ஆயினும் அதே அடியிற் பிறந்த ‘பசலை’ என்னும் சொல், பிரிவால் வாடும் தலைவியின் மேனியிற் படரும் நோயின் நிறத்தைக் குறிக்கின்றது. நலமும் நோயும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருப்பது எண்ணத்தக்கது. கண்ணுக்குப் புலப்படும் நிறத்தைக் கொண்டே உள்ளிருக்கும் நிலையை முடிவு செய்தல் ஆகாது என்பதற்கு இஃதொரு சான்று. நகரக் கட்டடங்களின் கூரைமீது மண் பரப்பிச் செடி வளர்க்கும் ‘பசுங்கூரை’ முயற்சியை மதிப்பிடுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

பசுங்கூரையின் பயன்கள் பல. அது வெயிலின் வெம்மையைத் தணிக்கின்றது. மழைநீரைச் சிறிது தேக்கி வடிகால்களின் சுமையைக் குறைக்கின்றது. இவற்றை மறுப்பாரில்லை. நகர வளர்ச்சியால் இடமிழந்த உயிரினங்களுக்கு அது புகலிடமாகும் என்னும் கூற்றும் உண்டு. ஆராயத்தக்கது இக்கூற்றேயாகும்.

இதற்கு வலுவான சான்று சுவிட்சர்லாந்தில் கிடைக்கின்றது. சூரிச் நகரின் வோலிஸ்ஹோஃபன் பகுதியில் ஏரிநீரைத் தூய்மை செய்யும் நிலையம் ஒன்று 1914ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. நீர் வெப்பமுறாதிருத்தற்பொருட்டு அதன் தட்டைக் கூரைகள்மீது அவ்விடத்து மேல்மண்ணையே பரப்பினர். அம்மண்ணில் உறங்கிய விதைகள் முளைத்தன. காலப்போக்கில் சுற்றிலும் இருந்த புல்வெளிகள் மறைந்தன. கூரைமீது மட்டும் அவை எஞ்சின. அங்கே 175 வகைச் செடிகள் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள் 9 வகை, ஆர்க்கிட் இனத்தைச் சேர்ந்தவை. நீரைக் குளிர்விக்கச் செய்த ஏற்பாடு, உயிர்களின் கருவூலமாயிற்று. காரணம் யாது? ஊர் மண், ஊர் விதை, நெடுங்காலம் ஆகிய மூன்றுமே எனலாம்.

தற்செயலாய் நேர்ந்ததை அறிந்து செய்யலாகுமா? பாசல் நகரில் ஸ்டெஃபான் பிரென்னைசன் என்னும் ஆய்வாளர் இவ்வினாவுக்கு விடை தேடினார். 17 பசுங்கூரைகளில் மூன்றாண்டுகள் நடைபெற்ற ஆய்வில் 78 வகைச் சிலந்திகளும் 254 வகை வண்டுகளும் காணப்பட்டன. சிலந்தி வகைகளில் 18 விழுக்காடும் வண்டு வகைகளில் 11 விழுக்காடும் அரியனவோ அழியும் நிலையினவோ ஆகும். மண்ணை ஒரே அளவாய் மெல்லிதாகப் பரப்பிய கூரைகளைவிட, மேடும் தாழ்வுமாக அமைத்த கூரைகளே மிகுதியான உயிர்களை ஏற்றன. 2002ஆம் ஆண்டு முதல் புதிய தட்டைக் கூரைகளில் செடி வளர்த்தல் வேண்டும் என அந்நகரம் சட்டம் செய்தது. அவ்வட்டார மண்ணையே இடுதல், 30 சென்டிமீட்டர் உயரமுள்ள மண்மேடுகளை அமைத்தல் போன்ற நெறிகளும் வகுக்கப்பட்டன. ஆய்வு ஏட்டளவில் நில்லாது நடைமுறையானமை பாராட்டுக்குரியது.

எனினும், அந்நாட்டில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வு நம் மகிழ்ச்சிக்கு அளவு கற்பிக்கின்றது. ஆள்காட்டி இனத்தைச் சேர்ந்த பறவைகள் பசுங்கூரைகளில் முட்டையிடத் தொடங்கியதை நத்தாலி பௌமன் ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் எழுதினார். தாய்ப்பறவைக்குக் கூரை தக்க இடமாகத் தோன்றியது; முட்டைகளும் பொரிந்தன. ஆனால் தொடக்க ஆண்டுகளில் குஞ்சுகள் வளர்ந்து பறக்கவில்லை. இவ்வினக் குஞ்சுகளுக்குத் தாய் இரை ஊட்டுவதில்லை. பொரிந்தவுடன் தாமே நடந்து பூச்சிகளைத் தேடியுண்ண வேண்டும். செடி அருகிய மெல்லிய மண்ணில் போதிய பூச்சியில்லை, பருக நீருமில்லை. பசுமை அங்கே அழைப்பு விடுத்தது; விருந்து வைக்கவில்லை.

இந்நிகழ்ச்சியைத் தமிழ் மாணவர் எளிதில் விளங்கிக்கொள்வர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், விலங்கும் புள்ளும் மரமும் உணவும் கருப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்துள்ளது. கருப்பொருள் அமையாத நிலம் திணையாகாது. மண்ணும் செடியும் மட்டும் கொண்ட கூரையும் அத்தகையதே. எந்த உயிர் வந்தது, எதை உண்டது, அதன் குஞ்சு வளர்ந்ததா என்பனவே கேட்கத்தக்க வினாக்கள்.

இவ்வளவுகோல் சிங்கப்பூருக்கும் பொருந்தும். கூரைத்தோட்டங்களுக்குத் தேசியப் பூங்காக் கழகம் 2009ஆம் ஆண்டு முதல் ஊக்கத்தொகை வழங்கியது. 2030ஆம் ஆண்டுக்குள் கட்டடங்களில் 200 ஹெக்டர் பசுமை என்பது குறிக்கோள். குறிக்கோள் உயர்ந்ததே, ஆனால் ஹெக்டர் என்பது பரப்பின் அளவு, உயிரின் அளவன்று. 2008ஆம் ஆண்டு ஜெர்மனியின் பான் நகர மாநாட்டில், நகரங்கள் தம் பல்லுயிர் வளத்தைத் தாமே அளந்தறியக் குறியீடு ஒன்று வேண்டும் என முன்மொழிந்ததும் சிங்கப்பூரே. உலகுக்கு வழங்கிய அவ்வளவுகோலின் நோக்கைத் தன் கூரைகள் ஒவ்வொன்றுக்கும் கொள்ளுதல் அதற்குப் பெருமை சேர்க்கும்.

பாசலின் முறையை இங்கு அப்படியே பெயர்த்து நடுதலும் பொருந்தாது. குளிர்நாட்டுக் கூரையில் குஞ்சுக்கு உயிர் தரும் நீர்த்தேக்கம், வெப்பநாட்டுக் கூரையில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகிவிடும். ஆதலின் இம்மண்ணுக்கும் மழைக்கும் உரிய ஆய்வு இங்கேயே வளர்தல் வேண்டும்.

ஒப்பீட்டிலும் விழிப்பு வேண்டும். வெறும் சிமெண்டுத் தளத்தோடு ஒப்பிட்டால் எந்தப் பசுங்கூரையும் சிறப்புடையதாகவே தோன்றும். கட்டடம் எழுமுன் அங்கிருந்த நிலத்தோடு ஒப்பிடுதலே நேர்மை. கூரையில் செடி வைப்போம் என்னும் உறுதிமொழி, தரையிலுள்ள காட்டை அழிப்பதற்கு உரிமைச் சீட்டாகிவிடக் கூடாது. சூரிச் கூரை புல்வெளியைக் காத்தது உண்மை. ஆனால் சுற்றிலும் தரையில் இருந்த புல்வெளிகள் மறைந்தே போயின.

பசுங்கூரை வேண்டா என்பது இவ்வாய்வுகளின் முடிவன்று. அதனைக் கட்டி முடித்த நாளோடு கடமை முடிவதில்லை என்பதே அவை தரும் பாடம். பள்ளிக் கட்டடத்தில் ஒரு கூரைத்தோட்டம் இருப்பின், மாணவர் திங்கள்தோறும் அங்கு வரும் பூச்சிகளையும் பறவைகளையும் எண்ணிக் குறித்து வரலாம். ஆண்டுகள் சில சென்றபின் அக்குறிப்பேடு சொல்லும், அக்கூரையில் இருப்பது பசுமையா, பசலையா என்று.