வரிசையும் விருதும்

கொல்கத்தாவின் டாக்குரியாவில் பாபுபாகான், செலிம்பூர் பல்லி என்று பெயர்பெற்ற துர்கா பூஜைகள் உண்டு. பக்கத்திலேயே ஜோத்பூர் பார்க். எந்தப் பந்தல் உசத்தி என்பதை ஒருபுறம் வரிசையில் நிற்கும் கூட்டம் சொல்கிறது, மறுபுறம் விருது கொடுக்கும் நடுவர்கள் சொல்கிறார்கள். யார் பேச்சை எடுத்துக்கொள்வது?

கூட்டத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. மூங்கில் தடுப்புக்குள் கால் கடுக்க நிற்பவரை யாரும் விலைக்கு வாங்கிவிட முடியாது. 2001-இல் பக்கத்துக் கஸ்பாவில், போஸ்புகூர் சீதளா மந்திர் பூஜைக்காரர்கள் டீ குடிக்கும் மண் குவளைகளைக் கொண்டே பந்தலை எழுப்பினார்கள். ஃபேஸ்புக் இல்லாத காலம். பார்த்தவர் சொல்லித்தான் அடுத்தவர் வந்தார், ஊரே திரண்டது.

2015-இல் தேசப்ரிய பார்க்கில் திரண்ட கூட்டம் வேறு வகை. ‘உலகிலேயே பெரிய துர்கை’ என்ற விளம்பரம் முன்கூட்டியே நகரத்தை நிரப்பியிருந்தது. பஞ்சமியன்றே நெரிசல் கட்டுக்கடங்காமல் போய், போலீஸ் பந்தலை மூடியது. வந்தவர்களில் பெரும்பாலோர் சிலையைப் பார்க்கும் முன்பே ஓட்டுப் போட்டுவிட்டவர்கள். பலர் சேர்ந்து எடுக்கும் முடிவு சரியாக இருக்கும் என்று 1785-இல் கணக்குப் போட்டுக் காட்டினார் பிரெஞ்சுக் கணித அறிஞர் கொந்தோர்சே. அந்தக் கணக்கு பலிக்க வேண்டிய நிபந்தனைகளில் ஒன்று: ஒவ்வொருவரும் தானாக யோசித்திருக்க வேண்டும். முன்னால் நிற்கும் வரிசையின் நீளத்தைப் பார்த்துச் சேர்ந்துகொள்பவருக்கு அது பொருந்தாது.

நடுவர்கள் 1985-இல் ஏஷியன் பெயின்ட்ஸ் தொடங்கிய ‘ஷரத் சம்மான்’ விருதின் வழியாக வந்தார்கள். பிறகு கம்பெனிகள், பத்திரிகைகள், டிவி சேனல்கள் என்று விருதுகள் பெருகின. விருது பெற்ற கமிட்டிக்கு ஸ்பான்சர் எளிதில் கிடைக்கிறார், அந்தப் பணத்தில் அடுத்த ஆண்டு பெரிய கலைஞர் வருகிறார், மறுபடியும் விருது. சின்னப் பேட்டையின் பூஜை அந்தச் சுற்றுக்குள் நுழைவதே பாடு. 2013-இல் மாநில அரசும் ‘பிஸ்வ பாங்லா’ விருதோடு களத்தில் இறங்கியது. சேத்லா அக்ரணி, சுருச்சி சங்கம் ஆகிய பூஜைகளின் புரவலர்கள் அந்த ஆட்சியிலேயே அமைச்சர்களாக இருந்தவர்கள். தேர்வு நேர்மையாகவே நடந்திருந்தாலும் இந்த ஏற்பாடு தவறுதான்.

ஆக, என் தீர்ப்பு நடுவர்களுக்கே. ஆனால் அரசு நடுவர்களுக்கு அல்ல. பேர் தெரியாத சந்துப் பந்தலுக்கும் போய்ப் பார்ப்பது நடுவர்களின் வேலை. கூட்டத்துக்கு அந்தக் கடமை இல்லை. இந்த ஆதரவும் நிபந்தனையோடுதான். எந்தப் பந்தலுக்கு எதற்காக எத்தனை மார்க் என்பதை வெளியிட வேண்டும், தோற்றவர்களுடையதையும் சேர்த்து. அதுவரை, வாசலில் தொங்கும் விருது பேனருக்கு, பக்கத்தில் தொங்கும் சிமென்ட் விளம்பரத்துக்குத் தரும் மதிப்பையே தருவேன்.