முதல் பெண்ணுக்கு அப்புறம்

ஒவ்வொரு மார்ச் மாதமும் நம் நாளிதழ்களில் ஏறக்குறைய ஒரே படம் வருகிறது. எஞ்சினின் பக்கவாட்டு ஜன்னலில் ஒரு பெண். சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, உயர்த்திய கட்டைவிரல் அல்லது கையில் பச்சைக்கொடி. படத்துக்குக் கீழே வரும் வாக்கியத்தில் 'முதல்' என்ற சொல் தவறாமல் இருக்கும். இந்தப் படத்தையும் அதன் கீழே வரும் நான்கு பத்திகளையும் ஒரு தனி எழுத்துவகையாகவே வைத்துப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சிறுகதைக்கு இருப்பதுபோல இதற்கும் இலக்கணம் உண்டு. முதல் பத்தியில் எளிய குடும்பம். இரண்டாவதில் "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று சொன்ன உறவினர்கள். மூன்றாவதில் துணைநின்ற அப்பா அல்லது கணவர். நான்காவதில் "வீட்டையும் வேலையையும் ஒருசேரச் சமாளிக்கிறேன்" என்ற புன்னகை. பெண் எஞ்சினுக்குள் ஏறிவிட்டதும் கதை முடிந்துவிடும்.

எஞ்சினுக்குள் ஏறிய பிறகுதானே வேலை தொடங்குகிறது?

கீழ்பென்னாத்தூரில் இருந்துகொண்டு இந்தச் செய்திகளைப் படிக்கும்போது இந்தக் குறை கூடுதலாகவே உறுத்துகிறது. எங்கள் ஊரில் ரயில் கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி, கீழ்பென்னாத்தூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு சுமார் 70 கிலோமீட்டர் புதிய பாதை என்று 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி வந்தது. அந்த ஆண்டு பிறந்த பெண் குழந்தைகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். ரயில் இன்னும் வரவில்லை. ரயிலைப் பார்க்க வேண்டுமானால் மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் திருவண்ணாமலை ஸ்டேஷனில் நிற்க வேண்டும். ஆனால் ரயில்வே தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். ரயில் வராத ஊரில் ரயில்வே என்றால் முதலில் ஒரு சம்பளம், ஒரு பென்ஷன், ஒரு குவார்ட்டர்ஸ். அவர்களுக்கு இந்த 'முதல் பெண்' செய்தி ஊக்கம் தருகிறது என்று சொல்லப்படுகிறது. ஊக்கம் தரட்டும். தகவல் தருகிறதா என்பதுதான் என் கேள்வி.

பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "மிஸ், ஐடிஐ இல்லன்னா டிப்ளமோ படிச்சாதான் ட்ரெயின் ஓட்ட முடியும்னு பத்தாவது முடிக்கும்போதே யாராவது சொல்லியிருக்கலாம்ல?" உதவி லோகோ பைலட் தேர்வுக்குப் பத்தாம் வகுப்போடு ஐடிஐ வேண்டும், அல்லது பொறியியலில் டிப்ளமோவோ பட்டமோ வேண்டும். கண்ணாடி இல்லாமல் 6/6 பார்வை வேண்டும். கலைக்கல்லூரிப் பட்டத்துக்கு அந்தக் கதவு திறக்காது. அதற்கு ஸ்டேஷன் மாஸ்டர், சரக்கு ரயில் மேலாளர் போன்ற பணிகளின் கதவு வேறு தேர்வில் இருக்கிறது. நம் ஊர்களில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் வகுப்புகளில் பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பத்தாவது முடித்த பெண்ணை யார் எந்தப் பக்கம் அனுப்புகிறார்கள் என்ற இடத்தில்தான் எஞ்சின் ஜன்னல் யாருக்கு என்பது பாதி முடிவாகிவிடுகிறது. நான்கு பத்திச் செய்தியில் இதற்கு ஒரு வரி இடமில்லை. "கனவு கண்டேன், உழைத்தேன்" என்பதற்கு இடம் இருக்கிறது.

'முதல்' என்ற சொல்லையே கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். மகாராஷ்டிரத்தின் சுரேகா யாதவ் ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என்று அறியப்படுகிறார். 1989இல் உதவி ஓட்டுநராகச் சேர்ந்தவர். அதே மும்பையில் மும்தாஸ் காசி, டீசல் எஞ்சின் ஓட்டிய ஆசியாவின் முதல் பெண் என்று கொண்டாடப்படுகிறார். சென்னை மெட்ரோவில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே முதல் ரயிலை ஓட்டியவர் பிரீத்தி. ரயில்வே வாரியத்தின் முதல் பெண் தலைவராக ஜெயா வர்மா சின்ஹா 2023 செப்டம்பரில் பொறுப்பேற்றார். நூற்றெழுபது ஆண்டு வயதான நிறுவனத்தில் இது 2023இல்தான் நடந்தது என்பதை வெட்கப்பட வேண்டிய செய்தியாகவும் எழுதியிருக்கலாம். சாதனையாகவே எழுதப்பட்டது. 'முதல்' என்ற சொல் இங்கே ஒரு வேலை செய்கிறது: தாமதத்துக்குக் காரணமான நிறுவனத்தை மறைத்து, வந்து சேர்ந்த பெண்ணை மட்டும் முன்னால் நிறுத்துகிறது. அவர் கடைசியாக வந்ததற்கு யார் பொறுப்பு என்று கேட்கவே தோன்றாது.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. முன்னால் நடந்ததை மறந்துவிடும். மாஸ்கோ மெட்ரோவில் 2021 ஜனவரியில் பெண்கள் ஓட்டுநர்களாக வந்தபோது உலகமெங்கும் செய்தியானது. ஆனால் அதே மெட்ரோவில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பெண்கள் ரயில் ஓட்டியிருக்கிறார்கள். 1980களில் அந்த வாசல் மூடப்பட்டது. பெண்ணின் உடலுக்கு ஆகாத வேலைகள் என்று அரசு போட்ட பட்டியலில் ரயில் ஓட்டுவதும் சேர்ந்தது. ஆக, ஒருமுறை திறந்த கதவு திறந்தே இருக்கும் என்று நாம் நம்புவதற்கு இந்த 'முதல்' கதைகளே காரணம்.

நம் பக்கத்திலும் மறதிக்குக் குறைவில்லை. சென்னையின் ஏ. லலிதாவை இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் என்று இப்போது பலர் அறிவார்கள். தெலுங்குக் குடும்பம், அப்பா கிண்டி பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவை. கிண்டியில் சேர்ந்து 1943இல் படிப்பை முடித்தார். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். இதுவரை எல்லாக் கட்டுரைகளிலும் வரும். குறைவாகப் பேசப்படுவது, அவர் பீகாரின் ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஓராண்டு பயிற்சி பெற்றார் என்பது. நீராவி எஞ்சின்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் பெரிய பட்டறை அது. 1940களில் அந்தப் பட்டறையில் ஓர் இளம் விதவை எங்கே தங்கினார், யாரோடு சாப்பிட்டார், கையில் ஸ்பானர் கொடுத்தார்களா, ஓரமாக நிற்கவைத்து வேடிக்கை காட்டினார்களா? இந்தக் கேள்விகளுக்காகவே நான் லலிதாவின் கதையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவர் பிறகு ரயில்வேயில் தொடரவில்லை. சிம்லாவுக்கும் கல்கத்தாவுக்கும் மின்துறை வேலைகளுக்குப் போனார். 'முதல்' என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. அந்த ஓராண்டு நமக்குக் கிடைக்கவில்லை.

கழிவறைக்கு வருகிறேன். இதைப் பேசினால் "எவ்வளவு பெரிய சாதனை, நீ கழிவறையைப் பற்றிப் பேசுகிறாயே" என்பார்கள். சுரேகா யாதவ் எஞ்சினில் ஏறியது 1989. கழிவறை வைத்த எஞ்சினை இந்திய ரயில்வே அறிமுகப்படுத்தியது 2016. நடுவில் 27 ஆண்டுகள். ஆண்களுக்கும் இது கொடுமைதான். ஆனால் ஓடும் சரக்கு ரயிலில், சிக்னல் கிடைக்காமல் காட்டில் நிற்கும் வண்டியில், மாதவிடாய் நாளில் ஒரு பெண் என்ன செய்தாள் என்பதை எந்த மார்ச் மாதச் செய்தியும் கேட்டு நான் படித்ததில்லை. தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போவது என்ற ஒன்றை நம் பள்ளி ஆசிரியைகளும் பஸ் கண்டக்டர் பெண்களும் நன்றாக அறிவார்கள். அதையே எஞ்சினில் செய்தால் அது 'மன உறுதி' ஆகிவிடுகிறது. அண்மை ஆண்டுகளில் பெண் லோகோ பைலட்டுகள் பலர், வசதிகளைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் ஒருமுறை வேறு பிரிவுக்கு மாற வாய்ப்புக் கொடுங்கள் என்று ரயில்வே நிர்வாகத்திடம் கேட்டார்கள். 2024 ஜூனில் சுரேகா யாதவும் சென்னைக் கோட்டத்தின் ஐஸ்வர்யா மேனனும் பிரதமர் பதவியேற்பு விழாவுக்கு அழைக்கப்பட்டது எல்லாப் பத்திரிகையிலும் படத்தோடு வந்தது. பிரிவு மாற்றக் கோரிக்கைக்குப் படம் இல்லை. கோரிக்கையை எப்படிப் படம் எடுப்பது?

2025 மகளிர் தினத்தையொட்டி ரயில்வே வெளியிட்ட கணக்கில், மொத்தம் 1.13 லட்சம் பெண் ஊழியர்கள், பணியாளர்களில் 8.2 விழுக்காடு. லோகோ பைலட்டுகள் 2,162 பேர். தண்டவாளப் பராமரிப்பாளர்கள் 7,756 பேர். எஞ்சின் ஜன்னலில் தெரியும் ஒரு பெண்ணுக்கு, கீழே தண்டவாளத்தில் மூன்றரைப் பெண்கள். கேங்மேன் என்று நம் அப்பாக்கள் சொன்ன வேலை; பிறகு டிராக்மேன் ஆகி, இப்போது டிராக் மெயின்டெய்னர். வெயிலில் ஜல்லி அள்ளிப் போட்டு, போல்ட் முடுக்கி, சுத்தியலும் ஸ்பானரும் கொடியும் சுமந்து மைல்கணக்கில் நடக்கும் வேலை. இதில் பலர் கணவனோ அப்பாவோ பணியில் இருக்கும்போது இறந்துபோக, கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் கதையில் 'கனவு' என்ற சொல்லை எங்கே வைப்பது என்று செய்தியாளருக்குத் தெரியவில்லை; அதனால் கதையே வருவதில்லை.

இந்த வேலைகளுக்கான லெவல் 1 தேர்வில் பெண்களுக்கு உடல்தகுதிச் சோதனை இருக்கிறது. 20 கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு, கீழே வைக்காமல், 100 மீட்டர் தூரத்தை 2 நிமிடத்தில் கடக்க வேண்டும். பிறகு 1,000 மீட்டரை 5 நிமிடம் 40 விநாடிக்குள் ஓட வேண்டும். நெல்லுக்கட்டும் தண்ணீர்க்குடமும் சுமந்து வளர்ந்த எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு 20 கிலோ பெரிதில்லை. ஓட்டம்தான் தடுக்கிறது, வயதுக்கு வந்தபிறகு அவர்களை யாரும் ஓட விட்டதில்லை. காலையில் மைதானத்தில் ஓடும் பெண்ணை நின்று பார்க்கும் கண்களைத் தாண்டி ஓடுவதற்கு இன்னொரு சோதனை வைக்கலாம்.

பெண்கள் தண்டவாளத்துக்குப் புதியவர்களும் அல்லர். 1850களிலும் 60களிலும் பம்பாயிலிருந்து மேற்குத்தொடர்ச்சி மலையேறும் பாதை போடப்பட்டபோது பெண்களும் குழந்தைகளும் மண் சுமந்தார்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை. இன்று ஒப்பந்தக்காரரின் கீழ் பாண்டுச் சட்டியில் ஜல்லி சுமக்கும் பெண்ணும் ரயில்வேயின் கணக்கில் ஊழியர் இல்லை, அந்த 8.2 விழுக்காட்டில் அவள் வரமாட்டாள். 'ரயில்வேக்குள் நுழைந்த பெண்' என்று எழுதும்போது, சம்பளப் பதிவேட்டுக்குள் நுழைந்த பெண் என்றே சொல்கிறோம்.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'பச்சை விளக்கு' காலத்தில் சிவாஜி எஞ்சின் ஓட்டினார். 2016இல் 'தொடரி'யிலும் ரயிலில் வேலை செய்பவன் நாயகன், நாயகி பயணி. நம் படங்களில் பெண் ரயிலில் ஓடிவந்து ஏறுவாள், பிரிவாள், அழுவாள். சிக்னல் போடமாட்டாள்.

2023 பிப்ரவரியில் தென்காசி மாவட்டம் பாவூர்சத்திரத்தில் ரயில்வே கேட்டில் இரவுப் பணியில் இருந்த பெண் ஊழியர் தாக்கப்பட்டார். பாலியல் வன்முறை முயற்சி என்று வழக்கானது. ஊருக்கு வெளியே, ஒற்றை அறை, ஒற்றை விளக்கு, உள்ளே ஒரு பெண். அது குற்றச்செய்தியாக வந்தது, குற்றச்செய்தியாகவே முடிந்தது. அடுத்த மாதம் மகளிர் தினத்துக்கு வழக்கமான சாதனைப் படங்கள் வந்தன. இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே கேள்வியைப் பற்றியவை என்று இணைத்து எழுத ஒருவர் வேண்டியிருந்தது. இரவில் தனியாக ஒரு பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது என்று முடிப்பவர்கள் உடனே கிளம்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. அந்தப் பயத்தாலேயே இந்தப் பேச்சை நாம் தள்ளிப்போடுகிறோம். கேட் அறைக்கு உறுதியான கதவு, வேலை செய்யும் தொலைபேசி, இரண்டாவது ஆள், சுற்றிலும் வெளிச்சம் என்று கேட்பது பெண்ணை வீட்டுக்கு அனுப்பச் சொல்வது ஆகாது.

சுரேகா யாதவ் 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். 36 ஆண்டுகள். அப்போது வந்த செய்திகளை ஆவலோடு தேடிப் படித்தேன். இப்போதாவது நடுவில் நடந்ததைச் சொல்வார்கள் என்று. 1989 இருந்தது. 2011இல் மகளிர் தினத்தன்று டெக்கான் குயின் ஓட்டியது இருந்தது. 2023இல் வந்தே பாரத் இருந்தது. எல்லாம் மறுபடியும் 'முதல்'கள். அந்தத் தேதிகளுக்கு நடுவே, கேமரா இல்லாத ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, மழையில், சரக்கு ரயிலோடு மலைப்பாதையில் இறங்கும்போது அவர் பிரேக்கை எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குவார், பக்கத்து இருக்கைக்கு வந்த புதுப் பையன் முதலில் எப்படிப் பேசினான், பிறகு எப்படிப் பேசினான், ஓய்வறையில் அவருக்கென்று எத்தனையாவது ஆண்டில் ஒரு கட்டில் வந்தது? கீழ்பென்னாத்தூரில் படித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இதைத்தான் யாராவது கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் ஓய்வில்தான் இருக்கிறார். கேட்டால் சொல்லக்கூடும்.