சிவாலிக் தாடையும் சீகிரிக் குகைகளும்
(மனித மூல ஆராய்ச்சி பற்றிய ஒரு மதிப்பீடு)

மனிதன் எங்குத் தோன்றினான், எவ்வாறு தோன்றினான் என்னும் வினா மிகப் பழையது. சமயங்கள் அதற்கு ஒருவாறு விடை கூறின. தத்துவங்கள் பிறிதொருவாறு கூறின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கூர்ப்புக் கொள்கை, மண்ணுட் புதைந்து கல்லாய் மாறிய எலும்புகளாகிய உயிர்ச்சுவடுகளைக் கொண்டு விடை காண முயன்றது. அம்முயற்சியின் பெருமையை யாம் மறுக்க வந்தோமல்லோம். எனினும், கிடைத்த எலும்பு எவ்வளவு, அதன்மேல் எழுப்பிய முடிபு எவ்வளவு என அளந்து பார்த்தல் கற்றோர் கடனாகும். வட இந்தியாவிற் கிடைத்த ஒரு தாடைத் துண்டின் வரலாறு இவ்வாறு அளக்கும் முறையை நமக்குக் கற்பிக்கின்றது. அம்முறையை நமது மாத்தளை மாவட்டத்துக் கற்குகைகளுக்கும் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1932ஆம் ஆண்டில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவராயிருந்த எட்வேட் லூயிஸ் என்பவர், இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில், இன்றைய இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த ஹரிதல்யாங்கர் என்னுமிடத்தில், ஒரு மேற்றாடைத் துண்டைக் கண்டெடுத்தார். சில பற்கள் மாத்திரமே அதிற் பொருந்தியிருந்தன. 1934இல் அவர் அதற்கு இராமபிதெக்கசு எனப் பெயரிட்டார். பிதெக்கசு என்பது கிரேக்க மொழியிற் குரங்கைக் குறிக்குஞ் சொல். அப்பகுதியிற் கிடைத்த பிற துண்டுகள் சிவபிதெக்கசு, பிரமபிதெக்கசு, சுக்கிரீவபிதெக்கசு என்றெல்லாம் பெயர் பெற்றன. நம் புராண இதிகாசப் பெயர்கள் விலங்கியல் நூல்களில் ஏறியமை கண்டு மகிழ்வோர் உளர். ஆயினும், பெயரின் பெருமை எலும்பின் பெருமையாகாது. இராமன் பெயரைச் சூட்டியதால் அத்தாடை மனிதனை ஓர் அடியேனும் நெருங்கிவிடவில்லை.

லூயிஸ் அத்தாடையில் மனிதச் சாயலைக் கண்டார். ஹிர்டிலிச்கா முதலிய மூத்த அறிஞர் அதனை ஏற்றிலர். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அத்துண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1961இல் எல்வின் சைமன்ஸ் அதனை மீண்டும் ஆராய்ந்து, மனிதக் கிளையின் மிகப் பழைய முன்னோன் இதுவே என வாதித்தார். பின்னர் டேவிட் பில்பீம் அவருடன் சேர்ந்தார். ஏறத்தாழ 140 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதக் கிளை குரங்கினத்தினின்றும் பிரிந்துவிட்டது என்னுங் கருத்து அக்காலப் பாடநூல்களில் நிலைபெற்றது.

அம்முடிபு எவ்வாறு கட்டப்பட்டது என்பதை நோக்குவோம். முதலாவது படி, தாடையின் வடிவம். மனிதனுடைய பல்வரிசை வில்போல வளைந்தது. மனிதக் குரங்குகளுடைய பல்வரிசையின் இரு பக்கங்களும் பெரும்பாலும் இணைகோடுகள் போல நேராகச் செல்வன. கிடைத்ததோ ஒரு பக்கத் துண்டு. தாடையின் நடுக்கோடு அதில் இல்லை. எனவே, மறுபக்கம் எவ்வளவு விலகி நின்றது என்பது கணிப்பேயன்றிக் காட்சியன்று. கணித்தவர் வில்லை எதிர்பார்த்தார், வில் வந்தது. பிற்காலத்திற் கிடைத்த நிறைவான தாடைகள் அவ்வடிவத்தை ஆதரிக்கவில்லை.

இரண்டாவது படி, பற்கள். கோரைப்பல் சிறியது, கடைவாய்ப் பற்களின் மிளிரி தடித்தது. இவையிரண்டும் மனிதனுக்குரியவை எனக் கொள்ளப்பட்டன. ஆயின், ஒரே இனத்துப் பெண் விலங்கின் கோரைப்பல் ஆணினுடையதினுஞ் சிறிதாயிருத்தல் இயல்பு. கடினமான உணவை மென்று தின்னும் எவ்விலங்குக்கும் மிளிரி தடித்தல் கூடும். மூன்றாவது படியே மிகத் துணிவானது. கோரைப்பல் சிறிதாயின் கடித்துக் கிழிக்கும் வேலையைக் கைகள் செய்திருக்க வேண்டும். கைகள் செய்தனவாயின் கருவி இருந்திருக்க வேண்டும். கருவி ஏந்தியதாயின் இரு காலால் நடந்திருக்க வேண்டும் என்பது அவ்வாதம். ஒரு காலெலும்பும் கிடையாதிருக்கவே, பல்லைக் கொண்டு நடையைத் தீர்மானித்தனர். ஒவ்வொரு படியும் நிகழத்தக்கதே. ஆனால், நிகழத்தக்கவை பலவற்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினால் உறுதி வளர்வதில்லை, தேய்கின்றது. இவ்வாதத்தின் பெருங்குறை இதுவேயாம்.

மறுப்பு எலும்பாராய்ச்சியாளரிடமிருந்து முதலில் வரவில்லை. 1967இல் வின்சென்ற் சரிச், அலன் வில்சன் என்னும் இருவர், மனிதனதும் குரங்குகளதும் குருதிப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆபிரிக்க மனிதக் குரங்குகளும் பிரிந்து ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகளே ஆயின என்றனர். எலும்பைத் தொடாதவர் எலும்பைப் பற்றிப் பேசுவதா எனப் பலர் சினந்தனர். அக்கணக்குப் பின்னர் ஓரளவு பின்னோக்கி நகர்ந்ததாயினும் 140 இலட்சத்தை அணுகவில்லை. பாகிஸ்தானின் பொட்வார் மேட்டு நிலத்திற் பில்பீம் குழுவினர் கண்டெடுத்த சிவபிதெக்கசின் முகவெலும்பு 1982இல் விரிவாக வெளியிடப்பட்டது. அம்முகம் போர்ணியோ, சுமாத்திராத் தீவுகளில் வாழும் ஒராங்குட்டானின் முகத்தை ஒத்திருந்தது. இராமபிதெக்கசு சிவபிதெக்கசினின்றும் வேறன்று எனத் தெளிந்தமையால், இரண்டும் ஒருங்கே மனிதக் கிளையினின்றும் விலகின. தாம் நாட்டிய கொள்கையைத் தாமே கைவிட்ட பில்பீமின் நேர்மை போற்றத்தக்கது.

இங்கிலாந்திலே 1912இல் அறிவிக்கப்பட்ட பில்ற்டவுன் மண்டையோடு 1953இல் மோசடியென வெளிப்பட்டது. மனிதன் மண்டையோட்டையும் ஒராங்குட்டான் தாடையையும் சேர்த்துச் செய்த பொய் அது. இராமபிதெக்கசு அவ்வாறன்று. இங்கு எவரும் ஏமாற்றவில்லை. நல்லறிஞர் நன்னோக்குடனேயே தவறினர். ஆகவே, மாணவர்க்கு மோசடியின் கதையினும் இக்கதையே பயன் மிக்கது.

இவ்வாறு மாறும் அறிவை எங்ஙனம் நம்புவது எனச் சிலர் வினவலாம். மாறியது எதனால் என்பதை அவர்கள் நோக்கவேண்டும். புதிய எலும்பு பழைய முடிபைத் திருத்தியது. புரதம் எலும்பைத் திருத்தியது. எதியோப்பியாவில் 1974இற் கிடைத்த லூசி என்னும் எலும்புக்கூடு ஏறத்தாழ 32 இலட்சம் ஆண்டுப் பழைமையுடையது; இடுப்பெலும்பும் காலெலும்பும் உடைமையால் அது நடந்தது என்பது ஊகமன்று. மனிதக் கிளையின் தொடக்கம் ஆபிரிக்காவிலே என்பது பல வழிச் சான்றுகளால் இன்று உறுதிப்பட்டுள்ளது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பி. ஈ. பி. தெரணியகல ஈழத்துக் குகைகளிலும் திறந்த வெளிகளிலும் அகழ்ந்து கண்ட கற்கால மனிதனுக்குப் பலாங்கொடை மனிதன் எனப் பெயரிட்டு, அவனைத் தனியோர் உப இனமாகவும் வகுத்தார். அகழ்ந்த உழைப்பு பெரிது; உப இனம் என்னும் பகுப்போ இன்று தேவையற்றது. அவன் உடலமைப்பால் நம்மைப் போன்ற முழு மனிதனே. பாகியன்குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே அத்தகையோர் வாழ்ந்தனர். மழைக்காட்டிலே குரங்கையும் மரவணிலையும் வேட்டையாடினர். எலும்பால் முனைக்கருவி செய்தனர்.

மாத்தளை மாவட்டத்திற் சீகிரிக் குன்றின் அயலிலுள்ள அலிகலக் குகையும் பொத்தானைக் குகையும் அக்கற்கால வாழ்வின் பிற்பகுதிக்குச் சான்று பகர்கின்றன. பொத்தானையில் மனித எலும்புகள் கிடைத்தன. அலிகலவில் கற்கருவிப் படைக்கு மேலே இரும்புக்காலப் படை அமைந்துள்ளது. காபன் கணிப்பு அதனைக் கி.மு. 1000க்கும் 800க்கும் இடைப்பட்டதெனக் காட்டுகின்றது. தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள இப்பன்கட்டுவையின் தாழிகளும் கல்லறைகளும் அதற்குப் பிற்பட்டவை. காசியப்ப மன்னனின் ஓவியங்களைக் காணச் செல்வோருள் எத்துணைப் பேர் இக்குகைகளை அறிவர்?

இக்குகைகளை அறிந்தோரிடையும் ஒரு குறை காண்கின்றோம். பலாங்கொடை மனிதன் எங்கள் முன்னோன்; ஆகவே நாடு எங்களது என ஒரு சாரார் கூறுவர். அவ்வாறன்று, எங்களது என மறுசாரார் கூறுவர். மலையகத் தோட்டங்களில் தலைமுறை பலவாக உழைத்தோரைப் பார்த்து, நீவிர் நேற்று வந்தவர் என்போரும் உளர். குகையிலுள்ள எலும்பு காணி உறுதியன்று. எலும்பிலிருந்து உயரம் அறியலாம். உண்ட உணவு அறியலாம். நற்பேறாயின் உறவுமுறையும் ஓரளவு அறியலாம். அவன் பேசிய மொழியை அறிய முடியாது. அன்று வாழ்ந்தோன் சிங்களமும் பேசினானல்லன், தமிழும் பேசினானல்லன். அம்மொழிகள் அவ்வடிவில் அன்று இல்லை. ஒரு பல்லிலிருந்து நடையைக் கண்ட சிவாலிக் வாதத்துக்கும், ஒரு மண்டையோட்டிலிருந்து நாட்டுரிமையைக் காணும் வாதத்துக்கும் முறையில் வேற்றுமை இல்லை. பயனில் வேற்றுமை உண்டு. முன்னது பாடநூலைக் கெடுத்தது. பின்னது மக்களைக் கெடுக்கும்.

ஆதலின், ஓர் எலும்பைப் பற்றிய கூற்றை வாசிக்கும்போது மூன்று வினாக்களை மாணவர் கேட்பாராக. கிடைத்த பகுதி எது? ஊகித்த பகுதி எது? அம்முடிபை விரும்பியவர் யார்? மூன்றாவது வினாவைப் பிறரைக் குறித்து எழுப்புமுன் தம்மைக் குறித்தே எழுப்பிக்கொள்ளுதல் நன்று. எல்லாக் கிளைகளும் ஆபிரிக்க மண்ணின் ஒரே வேரிற் சென்று சேர்வனவாயின், யார் முதலில் வந்தவர் என்னும் பூசலுக்கு இக்குகைகளில் விடையில்லை. அனைவரும் வந்தவரே என்பதே அவை கூறும் விடை.