கோடையில் கடிகாரத்தை விடுங்கள், நாடியைப் பிடியுங்கள்

கத்திரி தொடங்கிவிட்டால் திருச்சியில் ஐம்பது, அறுபது வயது ஓட்டக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி ஷூவைப் பரணில் போட்டுவிட்டு, ஆடி கழிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறது. இன்னொரு கட்சி அதிகாலை நாலரைக்கே கிளம்பி, ஜனவரியில் ஓடிய அதே வேகத்தில் இப்போதும் ஓடிக்காட்டப் பார்க்கிறது. முதல் கட்சி ஆறு மாதமாகச் சேர்த்த தகுதியை இழக்கிறது. இரண்டாம் கட்சி அதைவிடப் பெரியதைப் பணயம் வைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: தூரத்தையும் நேரத்தையும் ஏறக்குறைய காப்பாற்றிக்கொண்டு, வேகத்தை மட்டும் வெயிலிடம் விட்டுக்கொடுப்பது. வயதானவருக்கு அது சமரசம் மாதிரித் தோன்றலாம். ஆனால் உலகத் தரத்து ஓட்டக்காரர்களே புழுக்கத்தில் ஜெயித்தது அந்த வழியில்தான்.

2019 செப்டம்பர் 27 அன்று தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் மகளிர் மாரத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்குப் பயந்து போட்டியை நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னால் தொடங்கினார்கள். வெயில் போனது, புழுக்கம் போகவில்லை. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டியிருந்தது, ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். 68 பேர் கிளம்பினார்கள், 40 பேர்தான் எல்லைக் கோட்டைத் தொட்டார்கள். தங்கம் வென்ற கென்யாவின் ரூத் செப்ன்கெடிச் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 32 நிமிடம் 43 விநாடி. அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் அவர் ஓடியது 2:17:08. (பின்னாளில் ஊக்கமருந்து வழக்கில் அவர் தடை பெற்றது தனிக் கதை.) உலகச் சாம்பியனே பதினைந்து நிமிடத்தை விட்டுக்கொடுத்துத்தான் ஜெயிக்க முடிந்தது. வெண்கலம் வென்ற நமீபியாவின் ஹெலாலியா ஜோஹன்னஸுக்கு அப்போது வயது 39. ஆறாவதாக வந்த அமெரிக்காவின் ராபர்ட்டா குரோனருக்கு 41. பாதி வழியில் விலகிய 28 பேரில் பலர் இவர்களைவிட இளையவர்கள். புழுக்கத்தில் கால் வேகத்தைவிட நிதானத்துக்கு மதிப்பு அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

தோஹா போட்டியை நடத்தியவர்கள் செய்த தப்புக் கணக்கைத்தான் நம் ஊர் அதிகாலை ஓட்டக்காரர்களும் செய்கிறார்கள். ஓடும் உடலை முக்கியமாகக் குளிர்விப்பது வியர்வை, அதுவும் தோலிலிருந்து ஆவியாகிற வியர்வை. முழங்கையில் சொட்டித் தரையில் விழுகிற வியர்வை உடம்பின் நீரைக் குறைக்கிறதே தவிர சூட்டைக் குறைப்பதில்லை. மே மாத விடியலில் வெப்பம் 27 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அன்று பிற்பகல் 38 டிகிரி, 35 சதவீதம். வெப்பமானியில் பதினோரு டிகிரி வித்தியாசம் தெரிகிறது. ஆனால் காற்றால் எவ்வளவு ஆவியை வாங்கிக்கொள்ள முடியும் என்பதைக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையைக் கணக்கிட்டால், விடியலில் ஏறத்தாழ 24, பிற்பகலில் ஏறத்தாழ 26. வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள் சுருங்கிவிடுகிறது. விளையாட்டு மருத்துவத்தில் பயன்படும் வெப்ப அழுத்தக் குறியீட்டில் இந்த ஈரக்குமிழ் அளவுக்கே 70 சதவீத எடை. மீதி 30 சதவீதம் நேர் வெயிலுக்கும் காற்றின் சூட்டுக்கும் போகிறது. அந்த முப்பதைக் குறைப்பதற்காகவாவது அதிகாலையில்தான் ஓட வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இருட்டாக இருக்கிறது என்பதற்காக மார்கழி வேகத்தில் ஓடலாம் என்று முடிவு கட்டக்கூடாது.

ஸ்ரீரங்கத்தில் ஓடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருப்பதால் தீவு குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் பலருக்கு. மேட்டூர் அணை திறக்கும்வரை இரண்டு பக்கமும் பெரும்பாலும் மணல்தான். பகலெல்லாம் வெந்த சிமெண்டுத் தரையும் வீட்டுச் சுவர்களும் இரவு முழுக்கச் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்று வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறுகிறது. கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதியை வலமாகச் சுற்றுகிறவர் தெற்கு வீதியில் மேற்கு நோக்கி, காற்றை மார்பில் வாங்கியபடி ஓடுகிறார். கால் கனத்தாலும் வியர்வை காய்கிறது. வடக்கு வீதியில் திரும்பினால் காற்று முதுகுக்குப் பின்னால். காற்றும் ஆளும் ஒரே திசையில் போவதால் உடம்பைச் சுற்றி அசையாத காற்றுதான் நிற்கும், வியர்வை வழிய ஆரம்பிக்கும். ஓட்டம் எளிதாகிவிட்டது என்று வேகத்தைக் கூட்டத் தோன்றுகிற இடமும் அதுதான், உடல் சூடேறுகிற இடமும் அதுதான். வீதிச் சுற்றில் ஒரு வசதி உண்டு: ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீர் வைத்த இடத்துக்குத் திரும்பி வரலாம். காவிரிப் பாலத்தைத் தாண்டி நேர்கோட்டில் ஓடிப் போகிறவருக்கு அது கிடையாது.

இதெல்லாம் இளைஞர்களுக்குச் சரி, அறுபது வயதில் உடம்பு வெப்பத்தைத் தாங்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வயது ஏற ஏற ஒவ்வொரு வியர்வைச் சுரப்பியும் குறைவாகச் சுரக்கிறது, தோலுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது, தாகம் தாமதமாகத் தெரிகிறது. ஆனால் உடல் தகுதியில் சமமான முதியவர்களையும் இளையவர்களையும் அருகருகே நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில் இந்த வேறுபாடு பெருமளவு சுருங்கிவிட்டது. வயதின் குற்றம் என்று நாம் எழுதிவைப்பதில் பெரும்பங்கு உட்கார்ந்தே இருந்ததன் குற்றம். கனடாவின் எட் விட்லாக் 2004இல் 73 வயதில் டொராண்டோவில் 2:54:48இல் மாரத்தான் முடித்தார். வேகம் பார்க்காமல் மணிக்கணக்கில் மெதுவாக ஓடுவதுதான் அவருடைய பயிற்சி. டொராண்டோ குளிர் ஊர், அவர் சாதனையை அப்படியே திருச்சிக்குக் கொண்டுவர முடியாது. பயிற்சி விடாமல் தொடர்ந்தால் வயது எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதற்கு மட்டும் அவர் சாட்சி.

அப்படியானால் எதை அளவாகக் கொள்வது? நாடித்துடிப்பை. அதிகபட்சத் துடிப்புக்கு 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் கணக்கு ஒன்று உண்டு. அறுபது வயதுக்காரருக்கு 166 வரும். அதில் முக்கால் பங்கு ஏறத்தாழ 125. கோடை நெடு ஓட்டத்துக்கு அதுவே கூரை. புழுக்கத்தில் இதயம் தசைக்கும் தோலுக்கும் சேர்த்து ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்குத் துடிப்பு கூடும், ஓடும் நேரம் நீள நீள இன்னும் ஏறும். கூரையைத் தொட்டதும் நடக்க வேண்டியதுதான், அதில் மானக்கேடு எதுவும் இல்லை. துடிப்பையே குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மெதுவாக ஓடினால் மெதுவாகவே ஆகிவிடுவோம் என்ற பயத்துக்கும் மருந்து உண்டு. வாரம் இரண்டு நாள் ஓட்டத்தின் முடிவில் இருபது விநாடி வேக ஓட்டம் ஐந்தாறு முறை, நடுவில் முழு ஓய்வு. உடம்பில் சூடு சேர்வதற்குள் ஓட்டம் முடிந்துவிடும், காலும் வேகத்தை மறக்காது.

பேசாமல் ஏசி ஜிம்மில் டிரெட்மில் ஓடலாமே என்றால், உடல்நலக் காரணம் உள்ளவர்களுக்கு அது சரிதான். மற்றவர்களுக்கு நட்டம். வெப்பத்தில் பத்து முதல் பதினான்கு நாள் அளவாக ஓடினால் உடல் பழகிக்கொள்கிறது: ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. வெப்பத்தை விட்டு விலகிய சில வாரங்களிலேயே இந்த லாபம் கரைந்துவிடும். பிறந்ததிலிருந்து இந்த வெயிலில்தான் இருக்கிறோம், தனியாக என்ன பழக்கம் என்பவர்கள், ஏசி அறையில் தூங்கி ஏசி அலுவலகத்தில் உட்காரும் உடம்பு எந்த வெயிலில் இருக்கிறது என்று யோசிக்கலாம். வயலில் வேலை செய்கிறவர்கள் வெயிலைத் தாங்குவது பிறப்பால் மட்டுமல்ல. விடியலில் இறங்கி, தன் நிதானத்தில் வேலை செய்து, உச்சிப் பொழுதுக்கு முன் கரையேறுகிறார்கள்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து. குடிக்காமல் இருப்பது போலவே அளவுக்கு மீறிக் குடிப்பதும் தவறு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது, அதிகம் குடித்ததே முக்கியக் காரணம். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது, எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ முக்கியமாகச் சோடியம். அதனால் உப்புப் போட்ட நீர்மோர் மேல். ரத்த அழுத்த மாத்திரையோ சிறுநீர் பெருக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் உப்பை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கூட ஓடுகிறவர் தடுமாறினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடனே உடம்பைக் குளிர்வியுங்கள். அமெரிக்காவின் ஃபால்மத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் வெப்பத்தாக்கத்துக்கு ஆளான 274 பேரையும் குளிர்நீர்த் தொட்டியில் இறக்கினார்கள், அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

கத்திரி மே கடைசியில் முடிந்தாலும் திருச்சியின் வெயில் ஆகஸ்ட் வரை அடங்குவதில்லை. அத்தனை மாதமும் ஓடாமல் இருந்தவர் ஐப்பசியில் ஆரம்பித்து ஜனவரி சென்னை மாரத்தானுக்குத் தயாராவது கடினம், அறுபதைத் தாண்டியவருக்கு இன்னும் கடினம். எனவே மூத்த ஓட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடைக்கு முன் ஒருமுறை இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை கைக்கடிகாரத்தில் கிலோமீட்டர் வேகம் காட்டும் திரையை அணைத்துவிட்டு நாடித்துடிப்பை மட்டும் வையுங்கள். தனியாக ஓடாதீர்கள். வேகக் கணக்கை மழைக்காலம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.