முற்றிய காயை மோர் பிஞ்சாக்குமா?

நறுக்கிய வாழைக்காய் காற்றுப் பட்டால் கறுத்துவிடும். மோர் கலந்த நீரில் போட்டு வைத்தால் அவ்வளவாகக் கறுக்காது. காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்யும் கெடுதலை இவ்வாறு குறைக்கிறோம். உடலுக்கு வெளியே வளரும் மனிதக் கருவையும் இதுபோல் காக்க இயலுமா? அதைச் சோதித்த ஆய்வு ஒன்றை ஆராய்ந்து பார்ப்போம்.

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். இம்முறையில் உருவாகும் கரு, முதல் சில நாள்களை வளர்ப்புக் கரைசலில் கழிக்கிறது. தாயின் கருக்குழாயில் ஆக்சிஜன் மிகக் குறைவு. காற்றிலோ ஏறத்தாழ 21 விழுக்காடு. ஆக்சிஜனிலிருந்து தோன்றும் சில தீவிர மூலக்கூறுகள் உயிரணுவைத் தாக்குகின்றன. அவற்றை அடக்குபவையே ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள்.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கார்ட்னரும் ஜப்பானிய மருத்துவர்களும் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே பெண்ணின் முட்டைகளை இரு பங்காக்கி, ஒரு பங்கைப் பழைய கரைசலிலும், மறு பங்கைத் தடுப்பிகள் சேர்த்த கரைசலிலும் வளர்த்தனர். இது நேர்மையான ஒப்பீடு. இரு பங்குக்கும் தாயின் வயதும் உணவும் ஒன்றே. மொத்தத்தில் நல்ல கருக்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 35 முதல் 40 வயதுப் பெண்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதோ, புதிய கரைசலில் வளர்ந்த கருக்கள் கருப்பையில் பதியும் விகிதம் உயர்ந்திருந்தது.

மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் ஒரு பிரிவில் மட்டும் கண்ட பயன் தற்செயலாகவும் இருக்கலாம். அது அடுத்த ஆய்வுக்கு உரிய கேள்வியே தவிர, முடிந்த முடிபன்று.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பெண்ணின் முட்டைகள் அவள் பிறக்கும் முன்பே உருவாகிவிடுகின்றன. 38 வயதுப் பெண்ணின் முட்டைக்கு வயது 38க்கும் மேல்! இத்தனை ஆண்டுகளில் குரோமோசோம்களைப் பிணைக்கும் புரதம் தளர்கிறது. முட்டை பிரியும்போது குரோமோசோம் எண்ணிக்கை பிழைபடுகிறது. இப்பிழையின் பெரும்பகுதி முட்டை கரைசலை அடையும் முன்பே நேர்ந்துவிடுகிறது. கரைசல் கருவை வெளித் தாக்குதலிலிருந்து காக்கலாம். கடந்த வயதைத் திருப்பித் தராது.

அப்படியானால் மாத்திரையாக விழுங்கலாமே என்பீர்கள். ஸ்பெயின் நாட்டு வாலென்சியா ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்கு வைட்டமின் சி, இ ஆகியவற்றை மிகுதியாகக் கொடுத்தனர். வயதான எலிகளின் முட்டைகள் மேம்பட்டன என்றது 2002இல் வந்த அவர்களது ஒரு கட்டுரை. அதே ஆண்டின் மற்றொரு கட்டுரையோ, எலிகள் ஈன்ற குட்டிகளின் எண்ணிக்கை குறைந்ததைக் காட்டியது!

ஆகவே, “முட்டையை இளமையாக்கும்” என்னும் விளம்பரத்தைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சோதித்தது கரைசலிலா, உடலிலா? எலியிலா, பெண்ணிலா? எண்ணியது கருக்களையா, பிறந்த குழந்தைகளையா? விடை கிடைக்காத மாத்திரையை நம்பிக் காத்திருப்பவர் இழப்பது பணம் மட்டுமன்று; 38 வயதில் ஓராண்டு என்பது பெரிது. மோர் காயைக் கறுக்காமல் காக்கும். முற்றிய காயைப் பிஞ்சாக்காது.