சூடு இறங்கும் வரிசையில்

பழனிக்கு வந்து திரும்புகிறவர்கள் பையில் பஞ்சாமிர்தம் இருக்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பிரசாதம். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் சேர்த்துப் பிசைவதில்தான் அதன் பக்குவம். அடிவாரக் கூட்டத்தைத் தாண்டி ஊருக்குள் வந்தால், டீக்கடையும் பேக்கரியும் ஒன்றாய் நடக்கிற கடைகளின் ருசி அதற்கு நேர் எதிர். இங்கே எல்லாம் நெருப்பின் வேலை.

ஊர் பேக்கரியை ருசிக்க நான் வைத்திருக்கும் முறை, அடுப்பின் சூடு இறங்குகிற வரிசையிலேயே சாப்பிடுவது. பழைய விறகு அடுப்பு, செங்கல்லால் கட்டிய குகை. உள்ளே விறகை எரித்து, தணலை வாரி வெளியே தள்ளி, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, வாயை மூடுவார்கள். அதன் பிறகு செங்கல் வாங்கி வைத்த சூடுதான் வேலை செய்யும். மாஸ்டர் ஒரு பிடி மைதாவை உள்ளே வீசிப் பார்ப்பார். சட்டென்று கருகினால் பொறுக்க வேண்டும். பொன்னிறமானால் தட்டுகள் போகலாம். முதல் சூட்டில் பப்ஸும் ரொட்டியும், சற்றுத் தணிந்ததும் பன், பிறகு கேக், அப்புறம் பிஸ்கட், கடைசியாக ரஸ்க். ஒரே தீயில் இத்தனையும் ஆகிவிடும்.

பப்ஸில் தொடங்குவோம். மாவைத் தேய்த்து, டால்டா தடவி, மடித்து, மறுபடி தேய்த்து மடித்ததுதான் அதன் ஏடுகள். சூடு பட்டதும் மாவிலுள்ள ஈரம் ஆவியாகி ஒவ்வோர் ஏட்டையும் தூக்கும். ஒட்டிக்கொள்ளாமல் கொழுப்பு பார்த்துக்கொள்ளும். சூடு குறைந்தால் ஆவிக்கு முன்பே டால்டா உருகி ஓடிவிடும், பப்ஸ் சப்பையாகிவிடும். வாங்கியதும் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே எண்ணெய் ஊறி வெளுத்திருந்தால் மேலே எவ்வளவு மினுங்கினாலும் பயனில்லை. நல்ல பப்ஸ் கடித்ததும் நொறுங்கிச் சட்டையெல்லாம் உதிரும். வெங்காய மசாலா நாக்கைச் சுடும்.

அடுத்து தேங்காய் பன். வட்டமாகச் சுட்டு, முக்கோணமாக அறுத்துத் தருவார்கள். இரண்டு மெல்லிய மாவுத் தட்டுகளுக்கு நடுவே தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், பப்பாளிக்காயில் செய்த டூட்டி ஃப்ரூட்டி. ஓரத்துண்டைக் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை கசிந்து முறுகிய விளிம்பு அதில்தான் கிடைக்கும்.

கேக்குக்கு வந்தால் பழனியில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "முட்டை போட்டதாண்ணே?" மாலை போட்டவர்களுக்கு அது முக்கியம். முட்டை சேர்க்காத பேக்கரி என்பது பெங்களூரு சிக்பேட்டையில் 1898இல் தொடங்கிய ஐயங்கார் மரபு. அந்தப் பெயர்ப்பலகையை இன்று நம் ஊர்களில் எங்கும் பார்க்கலாம். முட்டை பிரச்சினை இல்லாதவர்களுக்குத் தேன் கேக். பாகில் ஊறிய பஞ்சுக் கேக், மேலே சிவந்த ஜாம், அதன்மேல் தேங்காய்த் தூள். விரலால் அழுத்தினால் பாகு கசிய வேண்டும், அடியில் தேங்கி நிற்கக் கூடாது.

தணிந்த சூட்டில் வேகும் உப்பு பிஸ்கட்டை டீயில் நனைக்காமல் முதலில் வெறுமனே கடித்துப் பார்க்க வேண்டும். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்ந்த தூத்துக்குடி மக்ரூனும் இளஞ்சூட்டில் பொறுமையாக உலர்த்தி எடுப்பதுதான். அவசரப்பட்டால் நிறம் மாறிவிடும். ரஸ்க் இரண்டு முறை வெந்தது. அறுத்த ரொட்டித் துண்டுகள் மிச்சச் சூட்டில் கிடந்து ஈரமெல்லாம் போன பிறகு நாள்கணக்கில் கெடாது. தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவர்களுக்கு இதைவிடத் தோதான வழித்துணை எது?

பல கடைகளில் இப்போது டீசல் அடுப்பும் மின்சார ஓவனும் வந்துவிட்டன. திருகினால் வேண்டிய சூடு கிடைக்கிறது, கண் எரிச்சலும் இல்லை. ஆனால் பப்ஸ் கேட்கும் சூடும் ரஸ்க் கேட்கும் பொறுமையும் அப்படியேதான் இருக்கின்றன. அதனால் புதுக் கடையை எடை போட க்ரீம் கேக் வாங்காதீர்கள். க்ரீமும் செர்ரியும் எந்தக் குறையையும் மூடிவிடும். ஒரு பப்ஸ், ஒரு ரஸ்க் போதும். முதல் சூட்டையும் கடைசிச் சூட்டையும் ஆளத் தெரிந்த மாஸ்டர், நடுவில் உள்ளதைக் கெடுக்க மாட்டார்.